கிரகணம் பார்த்த வீடு

2022ஆம் ஆண்டு தீபாவளிக்கு மறுநாள், அக்டோபர் 25 அன்று, தமிழ்நாட்டில் சூரியன் கிரகணம் பிடித்த நிலையிலேயே அடிவானத்தில் இறங்கியது. சென்னையில் மாலை ஐந்தே காலை ஒட்டிப் பிடித்தது. ஐந்தே முக்காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிட்டது. விளிம்பில் ஒரு சிறு கடி, அவ்வளவுதான் தெரிந்தது. பஞ்சாங்கத்தில் இதற்குக் 'கிரஸ்தாஸ்தமனம்' என்று தனிப்பெயர் உண்டு, தனி விதியும் உண்டு. நியமத்தைக் கண்டிப்பாகப் பின்பற்றும் வீடுகளில் அன்றிரவு சாப்பாடு கிடையாது. மறுநாள் காலையில், விடுபட்டு வந்த முழு வட்டத்தைக் கண்ணால் பார்த்து, குளித்த பிறகே சாப்பிடலாம். கிரகணம் எத்தனை மணிக்கு விடும் என்பதைக் கணக்கு சொல்லிவிட்டது. அது அச்சிலும் வந்துவிட்டது. இருந்தும் கணக்கு போதாது, கண் பார்த்தாக வேண்டும் என்கிறது வழக்கம். இதன் மறுபக்கமும் அதே அளவுக்குத் தெளிவானது. நம் ஊரில் தெரியாத கிரகணத்துக்கு எந்த நியமமும் இல்லை. உலகின் வேறொரு மூலையில் பட்டப்பகல் இருண்டாலும், பஞ்சாங்கம் 'இந்தியாவில் தெரியாது' என்று ஒரே வரியில் முடித்துவிடும். அன்று தர்ப்பை வேண்டாம், குளியல் வேண்டாம், அடுப்பு வழக்கம்போல எரியலாம்.

சூரிய கிரகணத்தைப் பற்றி நம்மிடையே நிலைத்துவிட்ட ஒரு கதை உண்டு. முன்னோர் பயந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள், பிறகு அறிவியல் வந்து கதவைத் திறந்தது, இப்போது குடும்பத்தோடு மொட்டை மாடியில் நின்று கண்ணாடி போட்டுப் பார்க்கிறோம் என்பது அந்தக் கதை. பழைமையைப் போற்றுகிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள், பழைமையை மறுக்கிறவர்களும் இதைத்தான் சொல்கிறார்கள். முன்னவர் சாத்திய கதவுக்குக் காரணம் தேடுகிறார், பின்னவர் அதைக் கண்டிக்கிறார். கதை சரியா என்று இருவருமே கேட்பதில்லை. அது பாதிக்கு மேல் தவறு என்பது என் கருத்து. தமிழ் வீட்டின் கிரகண வழக்கம் பார்ப்பதன் மேல் எழுப்பப்பட்டது. வீட்டில் சிலருக்குப் பார்க்கத் தடை இருந்தது உண்மை; அந்தத் தடை அவர்களுக்குக் கொடுமையாக இருந்ததும் உண்மை. ஆனால் வீடு முழுவதும் உள்ளே ஒடுங்கி, சன்னலுக்குத் திரை போட்டு உட்காருவது பாட்டன் காலத்து வழக்கமன்று. அதன் வயது ஏறக்குறைய ஐம்பதைத் தாண்டாது.

அந்தக் காலத்துக் கிரகண நாளின் ஒழுங்கைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். சூரிய கிரகணம் என்றால் பிடிப்பதற்கு நான்கு யாமம் முன்பே, அதாவது பன்னிரண்டு மணி நேரம் முன்பே, உணவை நிறுத்த வேண்டும். குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோயாளிகளுக்கும் இதில் தளர்வு உண்டு. ஊறுகாய்ச் சாடியிலும் தயிர்ப் பானையிலும் குடிதண்ணீர்க் குடத்திலும் தர்ப்பைப் புல்லைக் கிள்ளிப் போட வேண்டும். பிடிக்கும்போது ஒரு குளியல், நடுவில் தர்ப்பணம், விட்டதும் இன்னொரு குளியல். எந்த நட்சத்திரத்தில் கிரகணம் பிடிக்கிறதோ அந்த நட்சத்திரக்காரர் நெற்றியில் ஓலைப் பட்டம் கட்டிக்கொள்வார். இத்தனைக்கும் நேரம் வேண்டும். அதுவும் மூன்று தனித்தனி நேரங்கள். பிடித்துவிட்டதா, பாதிக்கு வந்துவிட்டதா, விட்டுவிட்டதா என்று யாராவது போய்ப் பார்த்துச் சொன்னால்தான் கிணற்றடியில் நிற்பவர் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்ள முடியும். கைக்கடிகாரம் இல்லாத காலத்தில் முற்றத்தில் நின்ற ஒருவரின் குரல்தான் வீட்டின் கடிகாரம். அவர் நேராகச் சூரியனைப் பார்க்கவில்லை. வாயகன்ற பித்தளைத் தாம்பாளத்தில் மஞ்சள் கரைத்த நீரையோ சாணம் கரைத்த நீரையோ ஊற்றி, வெயில் விழும் இடத்தில் வைப்பார்கள். சாணிநீர் கருத்துக் கிடப்பதால் அது மங்கலான கண்ணாடியாகும். காற்று தொட்டால் உள்ளே கிடக்கும் வட்டம் நூறு துண்டாகும்; நீர் அசைவு அடங்கும் வரை குனிந்தபடி காத்திருக்க வேண்டும். அடங்கியதும் வட்டத்தின் ஓரத்தில் நகம் கிள்ளியதுபோல் ஒரு குறை தெரியும். 'பிடிச்சாச்சு' என்ற குரல் அந்தக் கணத்தில் எழும். இந்த முறை கண்ணுக்குப் பாதுகாப்பானதா என்ற கேள்விக்குப் பிறகு வருகிறேன். இப்போதைக்கு, அது பார்ப்பதற்கான ஏற்பாடு என்பதை மட்டும் மனத்தில் வைத்துக்கொள்வோம்.

வழக்கம் மனிதர்களை வீட்டுக்குள் தள்ளியதைவிட வெளியே அழைத்ததுதான் அதிகம். கிரகண காலம் புண்ணிய காலம். அந்த நேரத்தில் ஆற்றிலும் கடலிலும் மூழ்குவது சிறப்பு. இராமேசுவரத்து அக்கினி தீர்த்தத்தில் மார்பளவு நீரில் நின்ற கூட்டத்தின் தலைக்கு மேல் கூரை ஏது? தானம் கொடுப்பதற்கும் அந்த நாளைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆதித்த சோழனுடையது எனக் கருதப்படும் தக்கோலம் கல்வெட்டு ஒன்று அவனது 24ஆம் ஆட்சியாண்டில் வந்த சூரிய கிரகணத்தைக் குறிப்பிடுகிறது. அவன் அரியணை ஏறியது 871 வாக்கில் என்று கணிக்க வரலாற்றாசிரியர்களுக்கு அந்தக் குறிப்பு உதவியது. கருநாடகத்திலும் ஆந்திரத்திலும் கிரகணத் தானம் சொல்லும் சாசனங்கள் ஏராளம். எல்லாரும் கதவைச் சாத்திக்கொண்டு நடுங்கிய நாளாக இருந்திருந்தால், தானம் கொடுக்க ஒருவரும் வாங்க ஒருவரும் சாட்சிக்குச் சிலரும் கூடியிருக்க முடியாது.

நேரம் எங்கிருந்து வந்தது என்பதுதான் இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி. 1769 ஜூன் மாதம் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரியில் காத்திருந்தார் லெ ழான்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளர். மேகம் மூடியதால் அவருடைய பல ஆண்டு உழைப்பு வீணாயிற்று. ஆனால் அந்தத் தங்கலில் அவர் உள்ளூர்த் தமிழர் ஒருவரிடம் கிரகணக் கணிதம் கற்றார். சோழிகளைத் தரையில் நகர்த்தி, எண்ணை எங்கும் எழுதாமல், முக்கால் மணி நேரத்துக்குள் ஒரு சந்திர கிரகணத்தை அவர் கண்முன் கணித்துக் காட்டினார்கள். 1765 ஆகஸ்ட் 30 கிரகணத்துக்கு அந்தத் தமிழ்க் கணக்கு சொன்ன கால அளவு 41 விநாடிதான் குறைவு. அப்போது ஐரோப்பாவில் தலைசிறந்ததாக மதிக்கப்பட்ட டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூடுதலாகச் சொன்னது. அரை நூற்றாண்டுக்குப் பிறகு, சென்னை வானாய்வகத்தில் பணியாற்றிய ஜான் வாரன் புதுச்சேரியிலேயே ஒரு பஞ்சாங்கக் கணிதரைச் சந்தித்தார். அவரும் சோழிகளை வைத்து, மனப்பாடமாக இருந்த வாய்ப்பாடுகளைக் கொண்டு 1825இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தைக் கணித்தார். தொடக்கம் 4 நிமிடம் பிசகியது. நடுவும் முடிவும் இருபது நிமிடத்துக்கு மேல் பிசகின. அதே ஆண்டு சென்னையில் வெளியான 'கால சங்கலித' என்ற தம் நூலில் வாரன் இதைப் பதிந்து வைத்தார். லெ ழான்தீலின் கதையைப் பெருமையாகச் சொல்கிறவர்கள் வாரனின் கதையை விட்டுவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்: அந்தக் கணக்கு சில நாள் வியக்கும்படி பொருந்தியது, சில நாள் தவறியது.

வாரன் சந்தித்த கணிதருக்கு அந்தக் கணக்கின் பின்னால் இருந்த கோட்பாடு தெரியாது. அதை ஒரு குறையாகவே வாரன் எழுதினார். எனக்கு அது வேறு விதமாகப் படுகிறது. கோட்பாடு தெரியாத ஒருவரின் கையிலும் பிழைத்திருக்கும்படி ஒரு கணிதத்தைச் செய்து வைத்தார்களே, அதுதான் பெரிய சாதனை. எழுத்துக்கு எண் வைக்கும் கடபயாதி முறையில், சந்திரனின் 248 நாள் இருப்பு 248 சிறு வாக்கியங்களாக அமைந்திருந்தது. நாளுக்கு ஒரு வாக்கியம். 'வாக்கியப் பஞ்சாங்கம்' என்ற பெயர் இங்கிருந்துதான் வந்தது. அந்த 248 என்ற எண் பாபிலோனியக் களிமண் பலகைகளிலும் இருப்பதைக் கண்ட கணித வரலாற்றாசிரியர் ஓட்டோ நாய்கபவர், 1952இல் தமிழ் வானியலைப் பற்றித் தனிக் கட்டுரையே எழுதினார். ஈராயிரம் ஆண்டுப் பழைமையான ஒரு கணக்கு யூப்ரடீஸ் கரையில் மறைந்துபோய், காவிரிக் கரை வீட்டுத் திண்ணையில் மனப்பாடமாக ஒலித்துக்கொண்டிருந்தது. அதை ஒலித்தவர்கள், அடுத்த கிரகணம் எப்போது என்று கேட்டு வாசலில் வந்து நிற்கும் குடும்பங்களுக்காகத்தான் ஒலித்தார்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம்: தாம்பாளத்தைப் பார்த்தது சடங்குக்காக, அதை எப்படி அவதானிப்பு என்று சொல்ல முடியும்? நியாயமான கேள்வி. பதில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இருக்கிறது. பஞ்சாங்கத்தில் அச்சாகும் ஆயிரம் செய்திகளில் சாதாரண வீட்டார் தாங்களே சரிபார்க்கக் கூடியது கிரகணம் ஒன்றுதான். திதி பிசகினால் யாருக்கும் தெரியாது. புதன் ஒரு பாகை தள்ளி நின்றால் யாருக்கும் தெரியாது. கிரகணம் கால் மணி பிசகினால் தாம்பாளத்தைச் சுற்றி நிற்கும் குழந்தைக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தில் இது ஒரு மதப் போட்டியின் ஆயுதமாகவே ஆயிற்று. வட்டுக்கோட்டைச் செமினரியில் இருந்த அமெரிக்க மிஷனரி டேனியல் பூர், வண்ணார்பண்ணை விசுவநாத சாஸ்திரியார் பஞ்சாங்கத்தில் 1829 மார்ச் மாதச் சந்திர கிரகணத்துக்குக் கொடுத்த நேரமும் மறைப்பின் அளவும் வானத்தோடு பொருந்தவில்லை என்பதைக் காட்டி, புராணப் பூகோளமே பிழை என்று வாதாடினார். அவருடைய நோக்கத்தை ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அவர் தேர்ந்த களத்தைக் கவனிக்க வேண்டும்: ஊரே பார்க்கும் ஒரு நிகழ்ச்சி என்பதால்தான் அவர் கிரகணத்தைத் தேர்ந்தார். பார்க்கும் பழக்கமே இல்லாத சமூகத்தில் அந்த வாதம் காற்றில் போயிருக்கும்.

தமிழகத்தில் அதே கேள்வியை உள்ளிருந்தே எழுப்பியவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. பஞ்சாங்கம் கணிக்கும் குடும்பத்தில் பிறந்து, சென்னை வானாய்வகத்தில் முதல் உதவியாளராக உயர்ந்தவர். ஒளி மாறும் விண்மீன் ஒன்றைக் கண்டறிந்தவர். 1868 ஆகஸ்ட் 18 முழுச் சூரிய கிரகணத்தை வனபர்த்தியிலும், 1871 டிசம்பர் 12 கிரகணத்தை அவிநாசியிலும் நின்று பார்த்தார். இந்த இரண்டு கிரகணங்களுக்காகவும் ஐரோப்பிய அறிவியலாளர்கள் தென்னிந்தியாவுக்குக் கப்பலேறி வந்தார்கள். முதலாவதில் குண்டூரில் நின்ற ழான்சனும் மசூலிப்பட்டணத்தில் நின்ற சென்னை வானியலாளர் பாக்சனும் சூரியனின் நிறமாலையைப் பார்த்தார்கள். அன்று தெரிந்த மஞ்சள் கோடு பின்னாளில் ஹீலியம் என்ற தனிமமாக அறியப்பட்டது. 1871இல் நிழல் பேக்கல் கடற்கரையில் ஏறி, நீலகிரி, கொங்கு நாடு, புதுக்கோட்டை வழியாக யாழ்ப்பாணத்துக்கும் திருகோணமலைக்கும் போயிற்று. பாதை நெடுகிலும் தொலைநோக்கிகள் நின்றன. அவர்கள் எழுதிப்போன குறிப்புகளில் நம் மக்கள் பெரும்பாலும் அஞ்சி அலறும் கூட்டமாகவே வருகிறார்கள். வேற்று நாட்டவர் கண்ணில் கூச்சல் படும். முற்றத்தில் அமைதியாக நடக்கும் காரியம் படாது. நம்மைப் பற்றி நாம் இன்று சொல்லும் கதையில் அந்தக் குறிப்புகளின் பங்கு பெரிது என்று நினைக்கிறேன். ரகுநாதாச்சாரி செய்தது அதைவிட முக்கியம். கண்டதோடு ஒத்துப்போகும் கணக்கே கணக்கு என்று சொல்லித் திருக்கணிதப் பஞ்சாங்கத்தை வெளியிட்டார். 1874இல் வெள்ளி சூரியனைக் கடக்கும் நிகழ்ச்சிக்காக ஒரு பண்டிதருக்கும் சித்தாந்திக்கும் நடக்கும் உரையாடலாக விளக்கநூல் எழுதித் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் கொண்டுவந்தார். திருக்கணிதமா வாக்கியமா என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் சமாதானம் ஆகிவிட்டது: வாக்கியப் பஞ்சாங்கங்கள் பலவும் கிரகண நேரத்தை மட்டும் திருக்கணிதத்திலிருந்து எடுத்துக்கொள்கின்றன. முன்னோர் வாக்கு என்று எல்லாவற்றையும் காக்கிறவர்கள் இங்கே மட்டும் இறங்கிவரக் காரணம், வாசலில் நின்று பார்க்கும் கண்கள்தான்.

இனிக் கடினமான மறுப்புக்கு வருவோம். அச்சம் பொய்யா? கர்ப்பிணிப் பெண்களை இருட்டறையில் பூட்டியது பொய்யா? இரண்டும் பொய்யல்ல. பாம்பு விழுங்கும் நிலவைப் பார்த்துக்கொண்டு இங்கிருப்பவர் விடுவிக்க முடியாமல் நிற்பதைத் தலைவியின் தவிப்புக்கு உவமை ஆக்குகிறது குறுந்தொகையின் 395ஆம் பாடல். அச்சமும் இரக்கமும் கலந்த அந்தப் பார்வைக்கு ஈராயிரம் ஆண்டு வயது. ஆனால் அங்கும் மனிதர்கள் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். கர்ப்பிணிகளின் கதை வேறு. சூலுற்றவள் மேல் கிரகண ஒளி பட்டால் குழந்தை உதடு பிளந்து பிறக்கும் என்று நம்பி, பல மணி நேரம் அவளுக்கு உணவும் சில வீடுகளில் தண்ணீரும் மறுத்தார்கள். காய் நறுக்கக் கூடாது, ஊசி தொடக் கூடாது, உடம்பைச் சொறியவும் கூடாது. மேலுதடு கருவின் முதல் இரண்டு மாதத்துக்குள் இணைந்து உருவாகிவிடுகிறது. எட்டு மாத வயிற்றோடு இருட்டில் கிடந்தவளுக்கு அந்தத் தண்டனை எதற்கும் பயன்பட்டிருக்க முடியாது. வழக்கத்தின் மேன்மையைச் சொல்ல வருகிறவர் இந்தப் பெண்ணின் நாக்கு வறண்டதைத் தாண்டிப் போகக் கூடாது. வீட்டில் எல்லாரும் பார்த்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பார்க்கும் உரிமை ஆணுக்கு இருந்தது, மூத்தோருக்கு இருந்தது; மற்றவர்களின் பங்கு அந்தக் குரலைக் கேட்பதாக இருந்தது. இது அச்சத்தின் வரலாறாக இருப்பதைவிட, யாருக்கு எது அனுமதி என்பதன் வரலாறு.

ஒன்றை மட்டும் யாராலும் தடுக்க முடியவில்லை. ஓலைக் கூரையிலும் நாட்டு ஓட்டுக் கூரையிலும் இடுக்கு இல்லாத வீடு கிடையாது. சாதாரண நாளில் அந்த இடுக்கு வழியே உள்ளே விழும் வெயில், தரையில் வட்ட வட்டமாகக் கிடக்கும். ஓட்டை முக்கோணமாக இருந்தாலும் கீழே விழுவது வட்டம்தான். ஏனென்றால் அது ஓட்டையின் வடிவமன்று, சூரியனின் பிம்பம். ஓட்டைக்கும் தரைக்கும் மூன்று மீட்டர் இடைவெளி இருந்தால் பிம்பத்தின் குறுக்களவு மூன்று சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறையும். ஏறத்தாழ ஒரு வெள்ளி ரூபாயின் அளவு. கிரகணம் பிடிக்கும்போது அந்தக் காசுகள் எல்லாம் ஒரே நேரத்தில் தேய ஆரம்பிக்கும். கதவையும் சன்னலையும் எவ்வளவுக்கு எவ்வளவு இறுக்கமாகச் சாத்துகிறோமோ அவ்வளவுக்கு அவ்வளவு பிம்பம் தெளிவாகும். ஆகவே யாரைப் பார்க்கக் கூடாது என்று இருட்டறையில் வைத்தார்களோ, அவளுக்குத்தான் அந்த வீட்டிலேயே கண்ணுக்குக் கேடில்லாத முறையில் கிரகணம் கிடைத்தது: சாணம் மெழுகிய தரையில், காலடியில், வரிசை வரிசையாகப் பிறைகள். இதற்கு எழுத்துச் சாட்சி காட்ட வேண்டியதில்லை. கூரையும் ஒளியும் இருந்த இடத்தில் இது நடந்தே தீரும். அவள் பார்த்ததைக் கேட்டு எழுதி வைக்க ஒருவரும் இல்லை, அவ்வளவுதான்.

தர்ப்பையும் தர்ப்பணமும் ஒரு சாதியின் வழக்கம், அதை வைத்துத் தமிழ் வீடு என்று பொதுவாகச் சொல்லலாமா என்பது அடுத்த கேள்வி. சொல்லக் கூடாது, நாற்று நடுகிறவர்களுக்குப் பன்னிரண்டு மணி நேர விரதம் கட்டுபடியாகாது. ஆனால் அந்த வீடுகளுக்கும் தங்கள் முறை உண்டு. உலக்கை அதற்குச் சான்று. பித்தளைத் தட்டில் மஞ்சள் நீர் ஊற்றி, அதன் நடுவே உலக்கையைச் செங்குத்தாக நிறுத்துவார்கள். நின்றால் கிரகணம் பிடித்திருக்கிறது, சாய்ந்தால் விட்டுவிட்டது என்பது நம்பிக்கை. உலக்கையின் அடிப்பூண் தட்டையாக இருப்பதால் பொறுமையாக நிறுத்தினால் எந்த நாளிலும் அது நிற்கும். தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தினர் இதைச் செய்தும் காட்டியிருக்கிறார்கள். நம்பிக்கை தவறு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதற்குள் இருக்கும் ஆசையை நான் மதிக்கிறேன். பஞ்சாங்கம் வாசிக்கத் தெரியாதவர்களும், புரோகிதர் வராத தெருவினரும், பிடித்ததையும் விட்டதையும் தாங்களே அறிய ஒரு கருவி வேண்டும் என்று நினைத்தார்கள். நெல் குத்தும் உலக்கையையே கருவியாக்கினார்கள். அதைச் சுற்றி நின்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். உலக்கை நின்றதும் தெருவே வந்து எட்டிப் பார்க்கும். அங்கே பூட்டிய கதவு எங்கே இருக்கிறது?

பூட்டிய கதவு 1980இல் தெளிவாகத் தெரிகிறது. பிப்ரவரி 16, சனிக்கிழமை பிற்பகல், முழுக் கிரகணத்தின் நிழல் கார்வார் பக்கம் கரையேறி, தக்காணத்தைக் கடந்து, புரி வழியாகப் போயிற்று. நாட்டின் பெருநகரங்கள் பலவற்றில் தெருக்கள் வெறிச்சோடின. தமிழ்நாட்டில் பகுதிக் கிரகணமே என்றாலும் இங்கும் குழந்தைகளை வெளியே விடவில்லை. சூரியனை நேரே பார்த்தால் பார்வை போகும் என்ற மருத்துவ எச்சரிக்கை வானொலியிலும் செய்தித்தாளிலும் வந்தது. எச்சரிக்கை சரியானது, தேவையானது. அதை வீடுகள் கேட்டுக்கொண்ட விதத்தில்தான் பிழை நேர்ந்தது. சூரியனைப் பார்க்காதே என்ற சொல், வெளியே வராதே என்று காதில் விழுந்தது. கிரகணத்தன்று சூரியனிலிருந்து ஏதோ ஒரு தனிக் கதிர் வருகிறது, அது சன்னல் வழியே உள்ளேயும் வரும் என்ற நம்பிக்கை பரவியது. பழைய வழக்கத்தில் தோஷம் இருந்தது, பாம்பு இருந்தது, கதிர் கிடையாது. கதிர் நம் காலத்துச் சொல். அறிவியலின் உடுப்பைப் போட்டுக்கொண்டு வந்ததால் படித்த வீடுகள் அதை எளிதில் நம்பின, சில பள்ளிக்கூடங்களும் நம்பின. உண்மையில் கிரகணச் சூரியன் தரும் ஒளி, வழக்கமான ஒளியில் ஒரு பகுதி மட்டுமே. ஆபத்து ஒன்றுதான்: மற்ற நாளில் கண் தானே கூசி விலகும், அன்று ஒளி மங்குவதால் கூச்சமில்லாமல் நிலைகுத்திப் பார்க்கத் தோன்றும். 1995 அக்டோபர் 24 கிரகணத்தைத் தூர்தர்ஷன் நேரலையாகக் காட்டியபோது, குடும்பங்கள் உள்ளே உட்கார்ந்து பெட்டியில் பார்த்தன. பார்த்தார்களே என்ற மகிழ்ச்சி ஒரு பக்கம் இருந்தாலும், முற்றத்துத் தாம்பாளத்தின் இடத்தில் பெட்டி வந்து உட்கார்ந்ததும் அந்த ஆண்டுகளில்தான்.

பழைய முறைகளை நான் பரிந்துரைப்பதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. கண்ணுக்குப் பாதுகாப்பான வடிகட்டி சூரிய ஒளியில் ஏறத்தாழ ஒரு லட்சத்தில் ஒரு பங்கைத்தான் உள்ளே விடுகிறது. நீரின் பரப்பு, உச்சி வெயிலில்கூட நூற்றில் இரண்டு பங்கைத் திருப்பி அனுப்பும். வெயில் சாயச் சாய அது இன்னும் கூடும். மஞ்சளோ சாணியோ கலந்தால் அடிப்பாத்திரத்தின் பளபளப்பு மறையுமே தவிர, மேற்பரப்பின் பிரதிபலிப்பு குறையாது. விளக்குப் புகையில் கரி படியவைத்த கண்ணாடியும் எக்ஸ்ரே படமும் ஒளியைக் குறைப்பதாகத் தோன்றும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் அவற்றைத் தாண்டி வரலாம். விழித்திரைக்கு வலி தெரியாது. சேதம் நடந்த பிறகே பார்வை மங்குவது புரியும். முன்னோரில் சிலர் இதனால் பார்வை இழந்திருக்க வேண்டும். அவர்கள் பார்க்க விரும்பினார்கள் என்பதுதான் என் வாதம். எப்படிப் பார்ப்பது என்பதில் நாம் அவர்களைவிட நன்றாகவே அறிந்திருக்கிறோம்.

அந்த விருப்பம் முழுதாக அழியவில்லை என்பதைக் கடந்த பதினைந்து இருபது ஆண்டுகள் காட்டுகின்றன. 2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கலும் தை அமாவாசையும் சேர்ந்த நாள். உச்சிவேளையில் கன்னியாகுமரியிலிருந்து தனுஷ்கோடி, யாழ்ப்பாணம் வரை சூரியன் நெருப்பு வளையமாயிற்று. தனுஷ்கோடியில் வளையம் பத்து நிமிடம் நின்றது. 2019 டிசம்பர் 26 காலை ஒன்பதரை மணியளவில் கோவை, ஈரோடு, கரூர், திருச்சி, புதுக்கோட்டை என்று 1871இன் பாதையை ஒட்டியே இன்னொரு வளையம் போயிற்று. கோயில் நடைகள் சாத்தியிருந்தன; பள்ளி மைதானங்களில் அறிவியல் இயக்கத்தினர் வடிகட்டிக் கண்ணாடி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்; திராவிடர் கழகத்தினர் கிரகண நேரத்தில் கூடி உண்பதை ஓர் இயக்கமாகவே நடத்தி வந்திருக்கிறார்கள். 2020 ஜூன் 21 வந்தபோது சென்னையில் முழு ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமை, எந்தத் தளர்வும் கிடையாது, கூட்டம் கூட முடியாது. சூரியனில் மூன்றில் ஒரு பங்கு மறைந்த அந்த நண்பகலில் வீடு மறுபடியும் தனித்து விடப்பட்டது. மாடியில் அட்டையில் ஊசித்துளை போட்டவர்களும் இருந்தார்கள், தட்டில் உலக்கையை நிறுத்தியவர்களும் இருந்தார்கள். இருவருக்கும் சண்டை இருக்கலாம். தாம்பாளத்தைச் சுற்றி நின்ற ஒரே கூட்டத்தின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

2031 மே 21, புதன்கிழமை. கொச்சிப் பக்கம் கரையேறும் வளையக் கிரகணம் மதுரை வட்டாரம் வழியாக வட இலங்கைக்குப் போகும். வைகாசி வெயில், நேரம் உச்சிவேளையை ஒட்டி. சூரியன் ஏறக்குறைய தலைக்கு மேல் நிற்கும். கூரை வீடாக இருந்தால் தரையெல்லாம் வளையம் விழும் நாள் அது. கான்கிரீட் தளத்தில் இடுக்கு இல்லை. வாசலில் ஒரு புங்க மரமோ வேம்போ இருந்தால் போதும். இலைகளின் இடைவெளி ஒவ்வொன்றும் ஓர் ஊசித்துளை. மரத்தடியில் ஒரு வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால், கர்ப்பிணியும் கைக்குழந்தையும் உட்பட வீட்டில் எல்லாரும் குனிந்து பார்க்கலாம். மரமும் இல்லையென்றால் சமையலறையில் சல்லடை இருக்கும்.